ஓர் அடைப்புக்குறி இடம் மாறியபோது



நம் இதழில் கணிப்பொறி பற்றி எழுதும்போதெல்லாம், "இது காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கு, நமக்கு எதற்கு?" என்று மூத்த உறுப்பினர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவதுண்டு. இந்த முறை அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாடம் நம் எல்லோருடைய பெயரும் விலாசமும் உள்ள ஒரு பட்டியலைப் பற்றியது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, அந்தப் பட்டியல் முழுவதையும் நாமே நம் கையால் அழித்துவிடுகிற நிலைக்கு வந்துவிட்டோம். ஏன் அப்படி ஆனது, எப்படித் தப்பினோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கடை, டியூஷன் வகுப்பு, வீட்டுவசதிச் சங்கம் என்று எங்கே கணக்கைக் கணிப்பொறியில் வைத்திருந்தாலும் இந்தப் பாடம் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் பட்டியலைப் பற்றி. நானூற்றுச் சொச்சம் குடும்பங்களின் விவரம் அதில் இருக்கிறது. சந்தா, தொலைபேசி எண், ரத்த வகை ஆகியவற்றோடு, "ஊரில் தெரிவிக்க வேண்டியவர்" என்று ஒரு கட்டமும் உண்டு. அதை ஏன் வைத்தோம் என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக வாழ்ந்த பெரியவர் ஒருவர் ஒரு குளிர்காலத்தில் காலமானபோது, கும்பகோணத்துப் பக்கம் இருந்த அவருடைய தம்பிக்கு நாம் அன்றிரவே செய்தி சொல்ல முடிந்தது இந்தக் கட்டத்தால்தான். வேறு எந்தத் தாளிலும் அந்த எண் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு எட்டாம் நாள் ஆண்டுப் பொதுக்குழு. வாக்காளர் பட்டியல் அச்சடிக்க வேண்டும்.

நான்கு அடுக்குகள்

பழுதைப் புரிந்துகொள்ள, முதலில் இயந்திரத்துக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒரு தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பதிவேடுகள் வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. நம் கணிப்பொறியில் அதன் பெயர் 'மைஎஸ்கியூஎல்'. உண்மையான விவரங்கள் எல்லாம் இருப்பது இங்கேதான், இங்கே மட்டும்தான்.

பதிவேட்டை எடுத்துவந்து காட்டும் குமாஸ்தா ஒருவர் உண்டு. அவர் பெயர் 'பிஎச்பிமைஅட்மின்'. 1998-இல் டோபியாஸ் ராட்ஷில்லர் என்பவர் தொடங்கிய இலவச மென்பொருள் இது. கட்டளைகளை மனப்பாடம் செய்யாமல், திரையில் பார்த்து, பொத்தானை அழுத்தி, தகவல் தளத்தை நிர்வகிக்க உதவுகிறது. உலகெங்கும் சிறிய அமைப்புகள் பல இதைத்தான் பயன்படுத்துகின்றன.

அந்தக் குமாஸ்தா வேலை செய்வது ஒரு விதிப் புத்தகத்தின்படி. அதுதான் 'பிஎச்பி' என்ற கணிப்பொறி மொழி. குமாஸ்தா செய்யும் ஒவ்வொரு செயலும் இந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியாக, நாம் நின்று கேட்கும் ஜன்னல். அதாவது நம் 'பிரவுசர்'.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குமாஸ்தா விதிப் புத்தகத்தை நம்பி இருக்கிறார். ஆனால் பதிவேட்டு அறை குமாஸ்தாவை நம்பி இல்லை. குமாஸ்தா மயங்கி விழுந்தாலும் பதிவேடு அறையில் பத்திரமாகத்தான் இருக்கும். இந்த ஒரு வாக்கியம் அன்று எங்கள் எல்லோர் நினைவிலும் இருந்திருந்தால் அத்தனை கலவரம் நடந்திருக்காது.

நடந்தது என்ன?

சங்க அறையில் உள்ள கணிப்பொறியில் உபுண்டு 16.04 என்ற இயங்குதளம் இருந்தது. அந்த வாரம் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் (அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்) அதை 18.04-க்கு உயர்த்திக் கொடுத்தார். நல்ல எண்ணத்தோடு செய்த நல்ல காரியம். பழைய மென்பொருளை அப்படியே வைத்திருந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரு நாள் நின்றுவிடும்.

உயர்த்தியபோது பிஎச்பி 7.0 போய் 7.2 வந்தது. மறுநாள் செயலாளர் உறுப்பினர் பட்டியலைத் திறந்தார். திரையில் எச்சரிக்கைப் பெட்டி. அடுத்த பட்டியலைத் திறந்தார். மறுபடியும் அதே பெட்டி. விவரங்களை வெளியே எடுக்கும் பக்கத்துக்குப் போனார். அங்கேயும் அதே மாதிரி ஒன்று. ஆங்கிலத்தில் பத்து வரி, கோப்புப் பெயர்கள், வரி எண்கள். பதறிப்போய் எனக்குத் தொலைபேசி செய்தார்.

"சார், லிஸ்ட் போயிடுச்சு போலிருக்கு. தம்பி எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா போடறேன்னு சொல்றான்."

"எதையும் தொட வேண்டாம், அப்படியே வையுங்கள், வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது திரையில் ஒரு கேள்வி நின்றிருந்தது. பையன் எல்லா மென்பொருளையும் அடியோடு நீக்கும் 'பர்ஜ்' கட்டளையைக் கொடுத்திருந்தார். மைஎஸ்கியூஎல்லையும் சேர்த்து! அதை நீக்கும்போது கணிப்பொறி ஒரு கேள்வி கேட்கும்: தகவல் தளங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று. 'ஆம்' என்று சொன்னால் பதிவேட்டு அறையே காலி. கை விசைப்பலகையில் இருந்தது. செயலாளர் தொலைபேசியை வைத்துவிட்டு "இரு, சார் வரட்டும்" என்று சொன்னதால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் போகவில்லை.

பையனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குறை என்னுடையது. பட்டியலுக்குக் கடைசியாக நகல் எடுத்து வைத்தது பதினான்கு மாதங்களுக்கு முன்பு. மாதம் ஒரு முறை எடுக்கிறேன் என்று பொதுக்குழுவில் பொறுப்பேற்றவன் நான்தான்.

முதல் வேலை: நகல்

பழுது பார்க்கும் முன் நகல் எடுக்க வேண்டும். இது மாறாத விதி. "நகல் எடுக்கும் பக்கமே ஓடவில்லையே, எப்படி எடுப்பது?" என்று பையன் கேட்டார். நல்ல கேள்வி. குமாஸ்தா படுத்துவிட்டால் நாமே அறைக்குள் போய்ப் பதிவேட்டைப் பிரதி எடுக்கலாம். அந்த நீக்கும் கட்டளையை ரத்து செய்துவிட்டு, கறுப்புத் திரையில் 'மைஎஸ்கியூஎல்டம்ப்' என்ற கட்டளையைக் கொடுத்தோம். இது மைஎஸ்கியூஎல்லோடு கூடவே வருகிற கருவி. பிஎச்பி, பிரவுசர் இரண்டும் இதற்குத் தேவையில்லை. தகவல் தளம் முழுவதையும் ஒரே எழுத்துக் கோப்பாக எழுதிக் கொடுத்துவிடும்.

கோப்பு வந்துவிட்டது என்பதற்காக நகல் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மூன்று சோதனைகள் செய்தோம். ஒன்று, கோப்பின் அளவு. பூஜ்யமாகவோ சந்தேகப்படும் அளவுக்குச் சிறியதாகவோ இருந்தால் நகல் ஆகவில்லை. இரண்டு, கோப்பின் கடைசி வரி. வேலை முழுமையாக முடிந்திருந்தால் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற குறிப்பும் தேதியும் அங்கே இருக்கும். நடுவில் நின்றிருந்தால் இருக்காது. மூன்று, அதை என் மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தோம். பெயர்கள் எல்லாம் தமிழில் சரியாக வந்தன. எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்திருந்தால், எழுத்துரு முறையில் எங்கோ தவறு என்று பொருள்.

ஏற்றி முடித்ததும் செயலாளர் முதலில் தேடியது காலமான அந்தப் பெரியவரின் வரியைத்தான். "இருக்கு சார்" என்றார். அதற்குப் பிறகுதான் தேநீர் வந்தது.

செய்தியை முழுக்கப் படியுங்கள்

இப்போது பழுதுக்கு வருவோம். எச்சரிக்கை வந்தால் நாம் செய்யும் முதல் தவறு, அதைப் படிக்காமல் மூடுவது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மருந்துக் கடைக்காரரிடம் காட்டாமல் கிழித்துப்போடுவது போல. பத்து வரி இருந்தாலும் முதல் வரியில்தான் விஷயம் இருக்கும். மற்றவை அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்தோம் என்பதைச் சொல்பவை.

எங்கள் திரையில் இருந்த முதல் வரியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'எஸ்கியூஎல் லிப்' என்ற கோப்பின் 613-ஆம் வரியில் எச்சரிக்கை, 'கவுண்ட்' என்பதற்குக் கொடுப்பது ஒரு பட்டியலாகவோ எண்ணத்தக்க பொருளாகவோ இருக்க வேண்டும்.

இதில் மூன்று தகவல்கள் இருக்கின்றன. எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன குற்றம். அந்தக் கோப்பு மைஎஸ்கியூஎல்லைச் சேர்ந்தது அன்று, பிஎச்பிமைஅட்மினைச் சேர்ந்தது. ஆக, அறையில் பழுதில்லை, குமாஸ்தாவிடம்தான் பழுது. இன்னொன்று, அது 'எச்சரிக்கை' என்ற வகை. 'பெரும் பிழை' என்றிருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும். எச்சரிக்கை என்றால் முணுமுணுத்துக்கொண்டே மேலே போகும். பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது பட்டியல் பின்னால் இருந்தது.

613-ஆம் வரி

பையனும் நானும் அந்தக் கோப்பைத் திறந்தோம். பிஎச்பியில் 'கவுண்ட்' என்று ஒரு செயல் உண்டு. ஒரு பட்டியலைக் கொடுத்தால் அதில் எத்தனை உருப்படிகள் என்று எண்ணிச் சொல்லும். அந்த வரியில் கேட்க நினைத்தது, "பட்டியலில் ஒரே ஓர் உருப்படிதானே இருக்கிறது?" என்ற கேள்வி. அதை இப்படி எழுத வேண்டும்:

கவுண்ட் (பட்டியல்) == 1

ஆனால் கோப்பில் இருந்தது இப்படி:

கவுண்ட் (பட்டியல் == 1)

வித்தியாசம் தெரிகிறதா? மூடும் அடைப்புக்குறி ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முதல் வரி, "பட்டியலை எண்ணு, விடை ஒன்றா என்று பார்" என்கிறது. இரண்டாவது, "பட்டியலும் ஒன்று என்ற எண்ணும் சமமா என்று பார், அந்த விடையை எண்ணு" என்கிறது. பட்டியலும் எண்ணும் ஒருநாளும் சமமாகாது. ஆகவே 'இல்லை' என்ற விடைதான் எப்போதும் வரும். பிறகு அந்த 'இல்லை'யை எண்ணச் சொல்கிறது!

"அங்கிள், 'இல்லை'யை எப்படி எண்ண முடியும்?" என்றார் பையன்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய பிஎச்பி மிகவும் தாட்சண்யம் பார்க்கும். எண்ண முடியாத ஒன்றைக் கொடுத்தாலும், கேட்டவர் மனம் கோணக் கூடாது என்று, 'ஒன்று' என்று சொல்லிவிடும். சூனியமான மதிப்பைக் கொடுத்தால் மட்டும் 'பூஜ்யம்' என்று சொல்லும். அதனால் அந்த வரியின் சோதனை எப்போதும் தேறிவிடும். பட்டியலில் ஒன்று இருந்தாலும் தேறும், பத்து இருந்தாலும் தேறும். சோதனை என்ற பெயரில் சோதனையே நடக்கவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை.

பிஎச்பி 7.2 இந்தத் தாட்சண்யத்தை நிறுத்தியது. எண்ண முடியாததைக் கொடுத்தால் எச்சரிக்கும் என்று விதி மாறியது. உடனே, அதுவரை அமைதியாக ஒளிந்திருந்த தவறு வெளியே வந்துவிட்டது.

இதைத்தான் நான் இந்தப் பாடத்தின் மையமாகச் சொல்ல விரும்புகிறேன். "அப்டேட் செய்தேன், கெட்டுப்போயிற்று" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அன்றைக்கு அப்டேட் எதையும் கெடுக்கவில்லை. ஏற்கனவே கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. புதிய கண்ணாடி போட்டதும் சுவரில் விரிசல் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றி எறிவதா?

ஏன் முன்பே தெரியவில்லை?

தேதிகளைப் பார்த்தால் காரணம் புரியும். உபுண்டு 18.04 வெளிவந்தது 2018 ஏப்ரலில். அதோடு வந்த பிஎச்பிமைஅட்மின் 4.6.6 என்ற பதிப்பு 2017 ஜனவரியில் வெளியானது. பிஎச்பி 7.2 வெளியானதோ 2017 நவம்பரில். அதாவது குமாஸ்தாவுக்குப் பயிற்சி முடிந்து பத்து மாதம் கழித்துத்தான் புது விதிப் புத்தகமே அச்சானது. இரண்டும் ஒரே பெட்டியில் ஒன்றாக வந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

ஒரு மென்பொருளை உயர்த்தும் முன், அதை நம்பி நிற்கும் மற்றவை எந்தப் பதிப்பு வரை பொருந்தும் என்று பார்ப்பது அவசியம். ஒவ்வொரு நல்ல மென்பொருளின் கையேட்டிலும் 'தேவைகள்' என்ற பகுதி முதலிலேயே இருக்கும். பிஎச்பிமைஅட்மின் 5.2-க்குப் பிஎச்பி 7.2.5 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது போல. அரை நிமிட வேலை. நாங்கள் அன்று அதைச் செய்யவில்லை.

மூன்று வைத்தியங்கள்

இனி எப்படிச் சரிசெய்வது? மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, எச்சரிக்கையைக் காட்டாதே என்று பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுவது. திரை சுத்தமாகிவிடும். ஆனால் நோய் அப்படியே இருக்கும். பணியில் இருந்த காலத்தில் நானே ஒரு முறை இப்படிச் செய்து, பிறகு வந்த பெரிய பழுதின் செய்தியும் காணாமல் போக, இரண்டு இரவு விழித்திருக்கிறேன். உண்மையில், இந்த வழியில் போனவர்களுக்கு 2020 நவம்பரில் பிஎச்பி 8.0 வந்தபோது கணக்குத் தீர்க்கப்பட்டது. அதில் இதே தவறு எச்சரிக்கையோடு நிற்காது; 'வகைப் பிழை' என்று சொல்லி வேலையையே நிறுத்திவிடும். இன்றைக்கு முணுமுணுப்பது நாளைக்குக் கதவைச் சாத்தும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாவது வழி, 613-ஆம் வரியில் அடைப்புக்குறியை நாமே சரியான இடத்தில் வைப்பது. வேலை செய்யும். ஆனால் அடுத்த முறை மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது நம் திருத்தம் அழிந்துபோகலாம். யார், எப்போது, எதற்காகத் திருத்தினார்கள் என்பதும் மறந்துபோகும்.

மூன்றாவது வழி, பிஎச்பி 7.2-க்குப் பொருந்தும் புதிய பதிப்பைப் போடுவது. 4.8 வரிசை 2018 ஏப்ரலில் வந்திருந்தது. இதுதான் முறையான வைத்தியம்.

நாங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் வரிசையாகச் செய்தோம். பழைய கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அன்றிரவே அடைப்புக்குறியை நகர்த்தினோம். பையனே நகர்த்தினார். பட்டியலைத் திறந்தோம், பெட்டி வரவில்லை. வெளியே எடுக்கும் பக்கத்தின் எச்சரிக்கை மட்டும் மிச்சம் இருந்தது. அது வேறொரு கோப்பு; அதை அன்று தொடவில்லை. நகல் எடுக்கத்தான் வேறு வழி இருந்ததே. வாக்காளர் பட்டியல் அச்சானது. பொதுக்குழு முடிந்த பிறகு, நிதானமாக, புதிய பதிப்பைத் தனி அடைவில் போட்டுச் சோதித்து, பழையதை ஓய்வுபெறச் செய்தோம். இரண்டாவது எச்சரிக்கையும் அதோடு போயிற்று. செய்தவற்றைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தோம். அந்த நோட்டு இன்றும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

பழைய பிஎச்பிக்கே திரும்பிப் போய்விடலாமே என்று செயலாளர் கேட்டார். போகலாம், ஆனால் அது வாடகை வீட்டில் தங்குவது போல. ஒவ்வொரு பிஎச்பி பதிப்புக்கும் ஆயுள் உண்டு. 7.2-க்கே 2020 நவம்பரில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன.

வேறு சில நோய்க்குறிகள்

இதே போன்ற உயர்த்துதலுக்குப் பிறகு வரக்கூடிய இன்னும் சில பழுதுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நான் வெவ்வேறு இடங்களில் பார்த்தவை.

பிரவுசரில் பக்கத்துக்குப் பதிலாக நிரல் வரிகளே எழுத்தாகத் தெரிந்தால், இணையச் சேவகனுக்குப் பிஎச்பியோடு தொடர்பு அறுந்திருக்கிறது. பழைய பதிப்பின் இணைப்பு போய், புதியதின் இணைப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை.

'எம்பிஸ்ட்ரிங் இல்லை' என்று வந்தால், அந்தத் துணை மென்பொருள் புதிய பிஎச்பிக்கு நிறுவப்படவில்லை. உபுண்டுவில் பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் துணைகள் தனித்தனி, 7.0-க்குப் போட்டது 7.2-க்கு உதவாது. நம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியமான துணை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். 'யூடிஎஃப்-8' முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. பைட் கணக்கில் பதினைந்து. எம்பிஸ்ட்ரிங் இருந்தால் ஐந்து என்று சரியாக எண்ணும். சாதாரண முறையில் எண்ணினால் பதினைந்து என்று சொல்லும். பைட் கணக்கில் பெயரை நடுவில் வெட்டினால் எழுத்து உடைந்து குப்பையாகத் தெரியும்.

உள்ளே நுழையவே முடியவில்லை, 'சேவகன் கேட்கும் அடையாள முறை எனக்குத் தெரியாது' என்று வந்தால், மாறியது பிஎச்பி அன்று, பதிவேட்டு அறையின் பூட்டு. 2018 ஏப்ரலில் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையை மாற்றியது. பிஎச்பி அதை முழுமையாகக் கற்றுக்கொண்டது 2019 நவம்பரில் வந்த 7.4-இல்தான். இடைப்பட்ட காலத்தில், பயனரைப் பழைய பூட்டுக்கே மாற்றிவிடும் குறுக்கு வழியைப் பலரும் பின்பற்றினார்கள். 2024-இல் வந்த மைஎஸ்கியூஎல் 9.0-இல் அந்தப் பழைய பூட்டே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே எங்காவது ஒரு குறிப்பைப் படித்துச் செய்யும் முன், அது எந்த ஆண்டு எழுதப்பட்டது, எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பழைய மருந்துச் சீட்டைப் புதிய நோய்க்குக் கொண்டுபோகக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. கருவி வேறு, தகவல் வேறு. கருவி பழுதானதால் தகவல் அழிந்ததாக முடிவு செய்யாதீர்கள்.

2. பழுது பார்க்கும் முன் நகல். நகலை வேறோர் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்த பிறகே அதை நகல் என்று சொல்லுங்கள்.

3. செய்தியின் முதல் வரியை முழுக்கப் படித்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு, வரி, குற்றம் மூன்றும் அதில் இருக்கும்.

4. கடைசியாக என்ன மாறியது என்று கேளுங்கள். அந்தந்தப் பதிப்பின் எண்ணையும் தேதியையும் ஒப்பிடுங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தை ஒரே சமயத்தில் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

6. 'அடியோடு நீக்கு' என்ற கட்டளைக்குப் பிறகு கணிப்பொறி கேட்கும் கேள்வியை இரண்டு பேர் படித்த பிறகே பதில் சொல்லுங்கள்.

பயிற்சி

வீட்டில் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். (அ) மேலே சொன்ன இரண்டு 'கவுண்ட்' வரிகளையும், மூன்று உருப்படிகள் உள்ள ஒரு பட்டியலோடு எழுதிப் பாருங்கள். உங்களிடம் உள்ள பிஎச்பி என்ன சொல்கிறது? (ஆ) உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, எழுத்து, குறியீடு, பைட் மூன்றையும் எண்ணுங்கள். (இ) வீட்டுக் கணக்கோ புகைப்படமோ, கடைசியாக எப்போது நகல் எடுத்தீர்கள்? அந்த நகலைத் திறந்து பார்த்தீர்களா? மூன்றாவது கேள்வி பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

அன்றிரவு அறையைப் பூட்டும்போது பையன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அங்கிள், ஒரு 'ஆம்' அடிச்சிருந்தா எல்லாம் போயிருக்கும் இல்ல?" "போயிருக்கும். பதினான்கு மாசம் நான் நகல் எடுக்காததும் அதில் சேரும்" என்றேன். அன்றிலிருந்து நகல் எடுக்கும் பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொண்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு, தமிழ் வகுப்பு முடிந்த பிறகு, பத்து நிமிட வேலை. படிப்பு முடிந்து அவர் புனேவுக்கு வேலைக்குப் போன பின், வகுப்பில் படிக்கும் மூத்த பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். "ஊரில் தெரிவிக்க வேண்டியவர்" என்ற கட்டத்தில் உங்கள் வீட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த முறை வரும்போது பார்த்துவிட்டுப் போங்கள். எண் மாறியிருந்தால் சொல்லுங்கள். பட்டியலைக் காப்பாற்றுவது எங்கள் வேலை. அதைச் சரியாக வைத்திருப்பது நம் எல்லோருடைய வேலை.